வயிற்றுப் பக்கத் தோல்

ஆகஸ்ட் 3, வியாழன்

செஸ்டர்ஃபீல்டு: கைப்பிடியும் முதுகும் ஒரே உயரம். இரண்டும் வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்கும். முதுகு முழுக்க ஆழமான பொத்தான் குழிகள். பெரிய ஹாலில்தான் எடுபடும். டக்சீடோ: அதே உயரக் கணக்கு, ஆனால் சுருள் கிடையாது, டப்பா மாதிரி நேர்க்கோடு. லாசன்: கைப்பிடி தாழ்வு, முதுகு உயரம், திண்டுகள் தனியாகக் கழன்று வரும்.

போதும். யாராவது எட்டிப் பார்த்தால் இந்த நாலு வரியைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் வேலை என்று நினைத்துப் போய்விடுவார்கள். வீட்டை எப்படி அலங்கரித்தால் எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது என் பிழைப்பு. நான் சோபா பற்றி எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

நவநீதன் சாயந்திரம் ஷூவைக் கழற்றும்போதே சொன்னான். "அப்பா நமக்கு சோபா வாங்கித் தர்றாராம். லெதர்தான் வேணுமாம். வளைகாப்புக்கு ஒறம்பரையெல்லாம் வர்றப்ப பிளாஸ்டிக் சேர்ல உக்கார வைக்க முடியாதாம்."

"துணி சோபா போதும்னு சொல்லேன்."

"சொன்னேன். கேக்கல. உன்னையும் கடைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னார். நீதான் இதுல எக்ஸ்பர்ட்டாம்."

உதைத்தது வயிற்றுப் பிள்ளையா பயமா என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மாமா, அதாவது நவநீதனின் அப்பா, எங்கள் பதிவுத் திருமணத்துக்குப் பிறகு எங்களோடு பேசவே இல்லை. நான் உண்டான செய்தி கேட்டுத்தான் படியேறி வந்தார். அவரைச் சமாதானப்படுத்த நவநீதன் ஒரு கதை கட்டியிருக்கிறான். நான் அவர்கள் ஆட்கள்தான், பூர்வீகம் தாராபுரம் பக்கம், வளர்ந்தது சென்னை, அப்பா அம்மா விபத்தில் போய்விட்டார்கள், ஒரே ஒரு மாமன் சிங்கப்பூரில். எந்தக் கூட்டம், எந்தக் குலம் என்று கேட்டால் என்ன சொல்வது, எந்தக் கோயில் என்று கேட்டால் என்ன சொல்வது, எல்லாம் சொல்லிக்கொடுத்தான். பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன்.

அம்மா நிஜமாகவே இல்லை. அப்பா, என் நைனா, இருக்கிறார். குத்துக்கல் மாதிரி இருக்கிறார். தோல் ஷாப்பில், தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், தரம் பிரிக்கிற வேலை. அவருடைய அப்பா அங்கேயே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர். நாங்கள் யார் என்பதற்கு இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. ஊர்ப் பெயரையும் எழுத மாட்டேன்.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேகலா இருக்கிறாள். நவநீதனின் பெரியப்பா மகள். தகப்பன் இல்லாத பெண், மாமா வீட்டில்தான் வளர்ந்தாள். கூடப் படித்த பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் வேறு ஆட்கள். "கோயிலுக்குப் போலாம்னு கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கே செத்துட்டா. வயித்து வலின்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. கொன்னுட்டாங்க சுடர். எங்கப்பாதான்." ஆபீஸ் கேன்டீனில் அவன் இதைச் சொன்னபோது அழுதான். டீ ஆறிப்போனது. அன்றைக்குத்தான் இவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அழத் தெரிந்த ஆண் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ரெக்லைனர்: காலை நீட்டிச் சாய்ந்துகொள்வது. பின்னால் இடம் விடவேண்டும். எல் வடிவம்: மூலையை அடைத்துக்கொள்ளும். மிட் செஞ்சுரி: ஒல்லியான மரக்கால்கள், அடியில் விளக்குமாறு போகும்.

என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன? நாக்கு அப்புறம், முதலில் கை. என் கையை என்ன செய்வது?

அவிநாசி ரோட்டில் பெரிய கடை. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நவநீதனின் அம்மா, அதாவது அத்தை, நாலடி பின்னால். மாமா என்னோடு பேசும் மரியாதையை எழுதினால் நம்ப மாட்டார்கள். "பாத்துங்க அம்மிணி, படி இருக்குது", "உக்காருங்க கண்ணு, நின்னா கால் வீங்கிப் போகும்." இத்தனை பதமாகப் பேசும் மனிதரைக் கண்டு நடுங்கியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

விற்பனைப் பையன் ஒவ்வொன்றாகக் காட்டினான். நவநீதனுக்கு எல் வடிவம் பிடித்தது. அத்தைக்கு மரக்கால் வைத்தது. "அடியில கூட்டலாம், பல்லி கில்லி இருந்தாத் தெரியும்" என்றார். மாமா எல்லாவற்றிலும் உட்கார்ந்து எழுந்தார். கடைசியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு செஸ்டர்ஃபீல்டு. அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"இது பசுவுதுங்களா, எருமையுதுங்களா?"

"இத்தாலியன் லெதருங்க சார்" என்றான் பையன்.

"இத்தாலியில மாடு இல்லீங்களா?" மாமா சிரித்தார். பையனும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் குனிந்து, இருக்கைத் திண்டைப் புறங்கையால் தடவினேன். உள்ளங்கையால் இல்லை, புறங்கையால். அப்புறம் கட்டைவிரலை ஊன்றி அமுக்கி, சுருக்கம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். நைனா ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம். சின்ன வயசில் அவர் பக்கத்தில் நின்று நான் விளையாட்டாகச் செய்த காரியம். கையோடு நிறுத்தியிருக்கலாம். வாயும் திறந்தது.

"இது வேண்டாங்க மாமா. வயித்துப் பக்கத் தோலு. உக்கார உக்காரத் தளர்ந்து பை மாதிரி ஆயிடும். முதுகுப் பக்கமா கேளுங்க."

பையன் என்னைப் பார்த்தான். நவநீதன் தரையைப் பார்த்தான். மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தார்.

"அதெப்படிங்க கண்ணு கண்டுபுடிச்சீங்க?"

"ஆபீஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க மாமா."

"அப்படீங்களா." கொஞ்ச நேரம் பொத்தான் குழி ஒன்றில் விரலைவிட்டுத் திருகிக்கொண்டிருந்தார். "நம்ம தோட்டத்துல மாடு செத்தாத் தூக்கீட்டுப் போறதுக்கு ஒருத்தன் வருவான். அவனும் இப்படித்தானுங்க, பொறங்கையால தடவித்தான் பாப்பான். ஆபீஸ்ல அதையெல்லாமா சொல்லித் தர்றாங்க? நல்ல ஆபீஸுங்க."

அப்புறம் பையனிடம் திரும்பினார். "தம்பி, இதையே போடுங்க. தளருதா இல்லையான்னு பாத்துப்போம்."

ஆகஸ்ட் 7, திங்கள்

"நீயா எதையாச்சும் கற்பனை பண்ணிக்காத" என்றான் நவநீதன். சரி. பண்ணிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

சோபா வந்தது. அத்தையும் மாமாவும் கூடவே வந்தார்கள், வளைகாப்பு வரை இங்கேதான் இருப்பார்களாம். அத்தை பெயர் தெய்வாத்தாள். வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அடுப்படியே கதி என்று கிடக்கிறார்.

ஹாலில் சோபாவை டிவியைப் பார்த்துத்தான் போடுவார்கள். மாமா வாசலைப் பார்த்துப் போடச் சொன்னார். "வர்றவங்க போறவங்க தெரியோணுமில்லீங்களா?" வலது ஓரத் திண்டில் உட்கார்ந்தார். கனத்த உடம்பு. அங்கேயே பேப்பர், அங்கேயே காப்பி, அங்கேயே மதியத் தூக்கம்.

ஒரு தோல் திண்டு தளராமல் இருக்கவேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அது தளர்ந்தால் நான் சொன்னது சரி. நான் சொன்னது சரியென்றால் எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி காயப்போடும் சாக்கில் நைனாவுக்குப் பேசினேன். போனில் அவர் பெயர் "டெய்லர்". பெற்ற தகப்பனை டெய்லர் ஆக்கிய மகராசி நான்.

"இன்னா கண்ணு, துன்னியா? புள்ள நல்லா கீதா?"

நல்லா கீது நைனா என்றேன். மெதுவாக, வேலை விஷயமாகக் கேட்பது மாதிரி, வயிற்றுப் பக்கத் தோலில் திண்டு தைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன்.

அவருக்கு ஒரே குஷி. "எவன் போட்டான் வவுத்துத் தோல? நல்ல கனமான ஆளு ஒருத்தன் ஒக்காந்தான்னா ஒரு மாசம் தாங்காது. இழுத்துகினு வந்துடும். ஏன், ஒன் வூட்லயா?"

"இல்ல நைனா, கஸ்டமர் வீட்ல."

"மாத்தச் சொல்லு. காசு புடுங்குறானுங்க." அப்புறம் குரலை இறக்கினார். "சுடரு, வளையல் வாங்கி வச்சிக்கிறேன். செவப்பு, பச்ச. வர முடியாதுன்னு தெரியும். தபால்ல போட்டா ஒடஞ்சிபுடும். எப்டி குடுக்கறது?"

ஈரத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டேன். இறந்துபோனவர் என்று நான் சொல்லிவைத்திருக்கிற மனிதர் எனக்கு வளையல் வாங்கி வைத்திருக்கிறார்.

கீழே இறங்கி வந்தபோது மாமா கேட்டார். "துணி காயப்போட இத்தன நேரமுங்களா கண்ணு? வெயில்ல நிக்காதீங்க."

ஆகஸ்ட் 18, வெள்ளி

பராமரிப்பு: ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. திண்டுகளை அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டால் ஒரே இடத்தில் தேயாது.

அதைத்தான் செய்கிறேன். மாமா குளிக்கப் போகும்போது வலது திண்டை இடதுக்கும், இடதை நடுவுக்கும் மாற்றுகிறேன். குத்தி, தட்டி, உப்ப வைக்கிறேன். ஆறுமாத வயிற்றோடு சோபாவுக்கு உடற்பயிற்சி. கெட்டியான பெட்ஷீட் ஒன்றை மடித்து மேலே விரித்தும் பார்த்தேன். மாமா வந்து அதை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"தோலுல உக்காரத்தானுங்க வாங்கினது. இதப் போட்டு மூடுனா எப்படித் தெரியும்?"

என்ன தெரியவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் தொடையைத் தட்டிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு என்பதுபோல, "உங்க கோயில் பூசாரி பேரு என்னுங்க அம்மிணி? அங்க ஒரு காரியமாப் போகோணும்" என்றார். அது பாடத்தில் இல்லாத கேள்வி. நல்லவேளை நவநீதன் உள்ளேயிருந்து, "அவ சென்னையில வளந்தவப்பா, அவளுக்கென்ன தெரியும்" என்றான். காப்பாற்றினான். அவன் இருக்கிறவரை எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அத்தை அலமாரி அடுக்கும்போது பெட்டியிலிருந்து ஒரு போட்டோ விழுந்தது. தாவணி போட்ட பெண், பல் தெரியச் சிரிக்கிறாள். நான் எடுத்துக் கொடுத்தேன். யார் என்று கேட்கவில்லை. அத்தை முந்தானையால் துடைத்து மறுபடி புடவைக்கு அடியில் வைத்தார்.

"நல்லாப் பாடுமுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

தளர்ந்துவிட்டது.

எந்தத் திண்டைப் போட்டாலும் அதன்மேல் இத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூன்றும் தளர்ந்துவிட்டன. கிழவன் கன்னம் மாதிரி. காலையில் மாமா எழுந்து நின்று, குனிந்து, இரண்டு விரலால் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். அது அவர் விரலோடு வந்தது.

"நீங்க சொன்னது சொன்னாப்புலயே ஆயிருச்சுங்க கண்ணு."

"எல்லா சோபாவும் கொஞ்சம் தளருமுங்க மாமா."

"இல்லீங்க. நீங்க சொன்னது செரி. பாத்தவொடனே சொன்னீங்க." மறுபடி உட்கார்ந்து பேப்பரை விரித்தார். "பரம்பரையா வர்ற அறிவு அது. படிச்சா வராதுங்க."

குக்கர் மூன்று விசில் அடித்தும் அணைக்கவில்லை. அத்தை வந்து அணைத்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? பஸ் கிளம்பிய பிறகு ஓடிவருகிறவளைப் பார்க்கிற பார்வை.

கடைக்குப் போன் பண்ணி, திண்டு தளர்ந்துவிட்டது, வந்து பாருங்கள் என்றேன். வாரன்டி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் மாற்றித் தருகிறோம், நாள் சொல்லுங்கள் என்றார்கள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று நைனாவுக்குப் பேசவில்லை. என் போனை நவநீதன் வாங்கி வைத்திருந்தான், ஏதோ அப்டேட் போடவேண்டுமாம். சாயந்திரம்தான் திருப்பிக் கொடுத்தான். அவன் கம்ப்யூட்டர்க்காரன், அவனுக்கு இதெல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும்.

காலையில் அவனும் மாமாவும் வண்டியில் எங்கேயோ போனார்கள். வந்த பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன பேசினீர்கள் என்றேன். "வளைகாப்புச் செலவு" என்றான். "உன் நைனா இப்பவும் அதே தெருவுலதான இருக்காரு?" என்று கேட்டான். வளையல் வாங்க ஆள் அனுப்பலாமே என்றுதான் கேட்டிருப்பான். வளையலைப் பற்றி நான் அவனிடம் சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 30, புதன்

வெள்ளிக்கிழமை காலை குலதெய்வம் கோயிலுக்குப் போகவேண்டுமாம். ஊரிலிருந்து மாமாவின் வெள்ளைக் கார் வருகிறது. மாமாவும் நானும் மட்டும். அத்தை வீட்டைப் பார்த்துக்கொள்வார். நவநீதனுக்கு ஆபீஸில் லீவு இல்லை.

"பத்தரைக்கு ராகு காலமுங்க. அதுக்கு முந்தி கெளம்பீரோணும்" என்றார் மாமா. "பொழுதோட திரும்பீரலாமுங்க கண்ணு."

கதவைச் சாத்திக்கொண்டு நவநீதனிடம் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குடா. நீயும் வா. இல்லன்னா போகவேண்டாம்னு சொல்லு."

"அப்பா ஆசையாக் கூப்பிடறார். போயிட்டு வா. நான் பேசிட்டேன், ஒண்ணும் ஆகாது."

"என்ன பேசின?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"மேகலாவையும் இப்படித்தான..."

"மேகலா வயித்து வலியில செத்தா." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அதையே எத்தன நாளைக்குப் பேசுவ?"

களைத்துப்போயிருக்கிறான். வேலை அதிகம். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

மதியம் மாமா கடைவீதிக்குப் போயிருந்தார். அத்தை அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலை நிமிராமலே பேசினார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அன்னைக்கி வழியில குடிக்கறதுக்குன்னு நாந்தானுங்க பிளாஸ்க்ல காப்பி ஊத்திக் குடுத்தேன். அந்தப் புள்ளைக்கி என் காப்பின்னா உசுரு. அவரு கையிலதான் குடுத்தேன். ஊட்டுக்கு அந்தப் புள்ளையத் தூக்கீட்டு வந்தாங்க. பிளாஸ்க் வரல. எங்கீங்கன்னு கேட்டேன். அதையெல்லாம் கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு. இத்தன வருசமா எங்கூட்டுல பிளாஸ்க்கே வாங்கலீங்க."

காம்பை ஒடித்து ஓரமாகப் போட்டார்.

"நேத்து ஒண்ணு வாங்கீட்டு வந்திருக்கறாரு."

மேல் தட்டில் பார்த்தேன். மேலே நீல பிளாஸ்க் படம். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என் கையின்மேல் கை வைத்தார், கீரை ஈரத்தோடு.

"நீங்க யாருன்னு எனக்கும் தெரியுமுங்க கண்ணு. கடையில தடவுனீங்களே, அப்பவே தெரியும். யாரா இருந்தா என்னுங்க? அந்த சோபாக் கடைக்காரனுக்குப் போனப் போடுங்க. நாளைக்கிக் காத்தால ஒம்பது மணிக்கே வண்டி வரோணும்னு சொல்லுங்க. வண்டி வர்றப்ப நீங்க வாசலுக்கு வெளிய நில்லுங்க. ஊட்டுக்குள்ள நிக்காதீங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அத்தை, உங்களுக்கு?"

"கீரைக்குப் பருப்புப் போட்டுரலாமுங்களா?" என்றார். மாமாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது.

கடைக்குப் போன் பண்ணிவிட்டேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

பஸ்ஸில் எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் வரும். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

நவநீதன் எட்டு மணிக்கே கிளம்பிப் போனான். வாசலில் நின்று ஒருமுறை திரும்பி என் வயிற்றைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டான்.

ஒன்பது தாண்டித்தான் டெம்போ வந்தது. அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மாமா குளித்து, விபூதி பூசி, சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீல பிளாஸ்க். ஏற்றுகிறவர்கள் மூன்று பேர்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. மாத்தறதுக்கு எடுத்துட்டுப் போகணும்."

"இன்னைக்கி வேண்டாம். போயிட்டு நாளைக்கி வாங்க."

அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். "இத்தன காசு குடுத்துட்டுப் பையாட்டத் தொங்கறதுலயா உக்காருவீங்க? வந்தவங்களத் திருப்பி அனுப்புனா வாரன்டி போயிருமுங்களாம். அஞ்சு நிமிசம் எந்திரிங்க." அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான். மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆச்சரியத்திலேயே எழுந்துவிட்டார்.

நான் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு, "வண்டியில இடம் இருக்கான்னு பாக்கறனுங்க" என்று வெளியே வந்து படியில் நின்றேன்.

செஸ்டர்ஃபீல்டு பற்றி ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். கைப்பிடி சுருள் இரண்டு பக்கமும் புடைத்திருப்பதால் சின்னக் கதவில் நேராக நுழையாது. ஒருக்களித்துத்தான் திருப்பவேண்டும். உள்ளே வந்தபோது அப்படித்தான் வந்தது. இப்போது அத்தை கூடவே நின்று, "இப்படித் திருப்புங்க, அட அப்படி இல்லீங்க, செவுத்துல இடிக்குது, மறுக்காத் தூக்குங்க" என்று அவர்களைப் படாதபாடு படுத்தினார். சோபா வாசல் நிலையில் வசமாகச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

மாமா உள்ளே. நான் வெளியே. நடுவில் அந்தத் தோல்.

பொத்தான் குழிகளுக்கு மேலே அவர் முகம் தெரிந்தது. "எங்கீங்க கண்ணு?"

"கடைக்குப் போயி நானே நல்ல தோலாப் பாத்து எடுத்துட்டு வர்றனுங்க மாமா. ராகு காலத்துக்குள்ள வந்துர்றேன்."

"உள்ள வாங்க."

"கதவு அடைச்சிருக்குதுங்களே மாமா."

அவர் சோபாவின் மேல் கையை ஊன்றினார். "உள்ள வா" என்றார். முதல் தடவையாக மரியாதை இல்லாமல். அந்தக் குரலை மேகலாவும் கேட்டிருப்பாள்.

நடந்தேன். ஓடினால் விழுந்துவிடுவேன் என்று நடந்தேன். தெருமுனைக்கு வந்ததும் ஆட்டோ. பின்னால் அத்தையின் குரல், "தூக்குங்க, தூக்குங்க, ஏனுங்க நீங்களும் ஒரு கை புடிங்க." காந்திபுரத்தில் சேலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறினேன். போனை அணைத்தேன். ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவர் கார் மாதிரி இருக்கிறது. பெருந்துறை தாண்டியாயிற்று. பிள்ளை அசைகிறது. அசையட்டும், நன்றாக அசையட்டும்.

செப்டம்பர் 3, ஞாயிறு

நைனாவின் வீட்டில் இல்லை. அந்தத் தெரு நவநீதனுக்குத் தெரியும். நேற்று இரண்டு பேர் வந்து எங்கள் வீட்டு எண்ணை விசாரித்துவிட்டுப் போனார்களாம். நைனாவோடு ஷாப்பில் வேலை செய்கிற நஸீர் பாய் வீட்டு மாடியில் இருக்கிறோம். ஒரு பாய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நைனா வாசற்படியை விட்டு நகரவில்லை. தோல் அறுக்கிற கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடும்போதுகூட அதைக் கீழே வைக்கவில்லை.

நாளைக் காலை வக்கீல் வருகிறார், மகளிர் ஸ்டேஷனில் பாதுகாப்பு கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறோம். மேகலாவைப் பற்றியும் எழுதப் போகிறேன். அத்தை சாட்சி சொல்வாரா என்று வக்கீல் கேட்டார். தெரியவில்லை என்றேன். சொன்னால் அவர் என்ன ஆவார் என்றும் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நோட்டில் "களைத்துப்போயிருக்கிறான்" என்று எழுதினேன் அல்லவா? எழுதும்போதே தெரியும். வயித்து வலி என்று அவன் வாயால் சொன்ன அந்த நொடியே தெரியும். கேன்டீனில் அழுத பையன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஆளுக்குள் எங்கேயும் இல்லை. இருந்தும், ஒருவேளை கோயிலுக்குப் பின்னாலேயே வந்துவிடுவான், கடைசி நிமிஷத்தில் வந்துவிடுவான் என்று நினைத்தேன். இன்று காலைவரைகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

வளைகாப்பு இங்கே மாடியிலேயே நடந்துவிட்டது. நஸீர் பாயின் மனைவி கதீஜாம்மா பிரியாணி செய்தார். கன்னத்தில் சந்தனம் பூசி நைனா வாங்கிய வளையலை அடுக்கினார். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. நைனா வாசற்படியிலிருந்தே பார்த்தார். "அளவு சரியா கீதா?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் கதீஜாம்மா போனுக்கு ஒரு அழைப்பு. அந்த எண்ணை நேற்று நான் அத்தைக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துத் தெரிவித்திருந்தேன்.

"கண்ணு." குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "நல்லா இருக்கறீங்களா? என்னமோ சத்தமாக் கேக்குது?"

"வளையலுங்க அத்தை."

"போட்டுட்டாங்களா." தண்ணீர்ச் சத்தம் கூடியது. "செரி. செரி. நிறையப் போட்டுக்குங்க."

"உங்களை ஏதாவது பண்ணினாருங்களா?"

"அத விடுங்க. சோபாவ மாத்திக் கொண்டாந்துட்டாங்க. இது முதுகுத் தோலாமுங்க. ரொம்ப நாளைக்கி வருமுன்னு சொன்னாங்க."

"மாமா?"

"அதுலதான் உக்காந்திருக்காரு. வாசலப் பாத்தாப்புல. சோறுகூட அங்கதான்."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நவநீதன் எங்கீங்க அத்தை? ஆபீஸா?"

அவர் குழாயை மூடிவிட்டார் போலிருக்கிறது. சத்தம் நின்றது. ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

"அவனும் பக்கத்துலதானுங்க உக்காந்திருக்கறான்."

போனை வைத்த பிறகும் என் வளையல் சத்தம் நிற்கவில்லை. கதீஜாம்மா வந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.